பன்னிரண்டு அங்குலம்

கோடை முழுக்க
மீன்பெட்டி மூடியின் உட்புறம்
பென்சிலால் எழுதிவந்தேன்.
போகும்போது ஐயாயிரத்து அறுநூறு சுற்று.
வரும்போது, எழுநூறு கிலோ ஹாலிபட் ஏறிய பின்,
நாலாயிரத்து நானூறு.
அதற்குமேல் முள் நகரவில்லை.
மூக்கைத் தூக்கிக்கொண்டு
சாத்துட் வரை கடலை உழுதபடியே வந்தது படகு.
குடித்த பெட்ரோல் கணக்கை எழுத
மூடியில் இடமில்லை.

மாலெராக் என் கொழுந்தன்.
படகில் பாதி அவனுடையது,
பேச்சில் முழுவதும்.
"எவர்சில்வர் விசிறி வாங்கு. பதினைந்து பிட்ச்.
எலியாசி போட்டிருக்கிறான், பறக்கிறது."
பறக்கிறதுதான்.
எலியாசி காலிப் படகில் பறக்கிறான்.
அவன் தூண்டிலில் என்ன ஏறுகிறதென்று
தொழிற்சாலைத் தராசுக்குத் தெரியும்.

பிட்ச் என்பது உலோகம் விடும் சவடால்.
உறைந்த சீல் கொழுப்பில் திருகினால்
ஒரே சுற்றில் பதினைந்து அங்குலம்
முன்னே போய்விடுவேன் என்கிறது.
நீர் கொழுப்பா என்ன?
வழுக்கும். நழுவும்.
ஐந்தில் ஒரு பங்கைத் தானே வைத்துக்கொள்ளும்.
சவடால் பெரிதானால்
எஞ்சின்தான் முக்கவேண்டும்.

கடையில் பெபியானெ
இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.
எவர்சில்வர் என் முகத்தைக் காட்டியது.
கறுப்புப் பூசிய அலுமினியம் எதையும் காட்டவில்லை,
விலை மட்டும் மூன்றிலொன்று.
"கப்பல் இன்னும் ஒருமுறைதான் வரும்.
பிறகு உறைந்துவிடும்.
கொண்டுபோனதைத் திருப்பி எடுக்கமாட்டேன்."

இதழ்களின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.
எவர்சில்வர் மெலிசு, கூர்மை. உடையாது.
உடையாது என்பதுதான் என் பயம்.
நீருக்கு ஒரு சாண் கீழே
பழைய பனிக்கட்டி நிறமே இல்லாமல் கிடக்கும்
இந்த ஃபியோர்டில்
அடி விழாமல் இருக்காது.
விசிறி வாங்காத அடியைப்
பல்சக்கரம் வாங்கும்.
"அலுமினியம்," என்றேன். "பன்னிரண்டு."

மாலெராக் வீடு வரை பேசவில்லை.
மறுநாள் காலிப் படகு ஆறாயிரத்தில் அலறியபோது பேசினான்.
என் அத்தை கயாக்கில் இதைவிட
வேகமாகப் போவாள் என்றான்.
ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் இறக்கினேன்.
அவனை இறக்க வழியில்லை.

மாலை, எழுநூறு கிலோவோடு
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
படகு ஒரு கணம் யோசித்தது,
பிறகு மூக்கைத் தாழ்த்தி
நீரின்மேல் ஏறி உட்கார்ந்தது.
எழுதிக்கொண்டேன்.
இன்னும் ஐம்பது சுற்று இருந்திருக்கலாம்
என்பதை எழுதவில்லை.

ஒன்பதாம் நாள்
புதுப்பனி கஞ்சிபோல் படர்ந்த இடத்தில்
டம் என்றது.
பிறகு படகு முழுக்க நடுக்கம்,
பெட்டிக்குள் செத்த மீன்கள்கூட நடுங்கின.
எஞ்சினைத் தூக்கிப் பார்த்தோம்.
ஓர் இதழ், நாயின் காதுபோல் மடங்கியிருந்தது.
தண்டைக் கையால் சுழற்றினேன்.
சத்தமில்லாமல், நேராக, சுழன்றது.

பெட்டியடியில் பழைய பதினாலு இருந்தது.
நான் பின்பக்கம் குப்புறப் படுத்துக் கழற்றினேன்.
மாலெராக் என் கால்களைப் பிடித்துக்கொண்டான்,
தொலையாமலிருக்க நட்டை
வாயில் கவ்வியிருந்தான்.
அந்தக் கால்மணி நேரம்
ஃபியோர்டில் அப்படியொரு அமைதி.

பதினாலோடு, முக்கி முக்கி,
இருட்டிய பின் வந்துசேர்ந்தோம்.
தராசுக்காரர் விளக்கை அணைக்கப் போயிருந்தார்.

காலையில் கடைக்கு அவனும் வந்தான்.
பெபியானெ எவர்சில்வரை எடுக்கக் கை நீட்டினாள்.
"கறுப்பு," என்றான் மாலெராக்,
என்னைப் பார்க்காமல்.
"பன்னிரண்டு."
பணத்தில் பாதியை அவனே எண்ணி வைத்தான்.

அதை அவள் காகிதத்தில் சுற்றும்போது
அலமாரியில் அடுத்த பெட்டியைப் பார்த்தேன்.
பதினொன்று.
பார்த்துக்கொண்டே நின்றேன்.