பெட்டிகள் தரைவழி

கோரமங்களா கூரையிலிருந்து ஏர்போர்ட்டுக்குப்
பத்தொன்பது நிமிடம் என்றார்கள்.
ஹெப்பாள் மேம்பாலத்தில் எனக்கு
முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகவே
அவ்வளவு ஆகும்.

அன்றைக்கு ஸ்டாண்டில் எல்லார் டீயும் ஆறிப்போனது.
"முடிஞ்சுது எபநேசரு நம்ம கதை" என்றான் குல்சார் பாஷா,
இருபத்தாறு தவணை பாக்கியிருக்கும்
வெள்ளை வண்டியில் சாய்ந்துகொண்டு.
அண்ணாந்து பார்த்தோம்.
மேஜை விசிறிகளை ஒன்றாய்க் கட்டிவிட்ட மாதிரி ஏதோ
யலஹங்கா பக்கம் போய்க்கொண்டிருந்தது.
அதற்கு ஹாரன் கிடையாது என்பதுதான்
எனக்கு முதலில் தோன்றியது.

அதற்கு டிக்கியும் கிடையாது என்பது
இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது.

கூரையில் ஆளையே தராசில் நிறுத்துகிறார்கள்.
கைப்பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது.
எங்கள் கோலார் சுரங்கத்தில்
மேலே வரும்போதுதான் தடவிப் பார்ப்பார்களாம்.
இங்கே மேலே போகும்போது.

அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்கள்.
ஆள் வான்வழி, பெட்டி தரைவழி.
பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு.
பெட்டி ஏசி கேட்காது,
ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளாது,
"வேற ரூட்ல போயிருக்கலாமே" என்று முனகாது.
இறங்குகிற மேடைக்கும் டெர்மினலுக்கும் நடுவே
மூன்று கிலோமீட்டர்.
வானத்தில் வந்தவனும் அதை நடக்க மாட்டான்.
அதுவும் எங்களுக்கே.
மழை பிடித்தால் கேட்கவே வேண்டாம்,
அத்தனையும் கூரையில் நனைந்த கோழி,
என் போன் சூடாகிவிடும்.

குல்சார் பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டான்.
பிள்ளைகள் அதில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள்.
தவணை இன்னும் பதினொன்று.

என் பின்சீட்டை நான் கழற்றவில்லை.
அதனால்தான் அந்த அம்மாவை ஏற்ற முடிந்தது.

பையன் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான்.
நண்பர்கள் காசு போட்டு வாங்கிக் கொடுத்த
ஒற்றைச் சீட்டு.
தராசில் ஏறி, போட்டோ எடுத்து, கையசைத்து
பறந்தே போய்விட்டான்.
கீழே இருபத்து மூன்று கிலோவில் இரண்டு பெட்டி,
அவற்றின் பக்கத்தில் வனஜாக்ஷி.
"பெட்டியோட நானும் வர்றேனே" என்றார் கன்னடத்தில்.
சாமான் வண்டியில் ஆள் கூடாது, விதி.
எண்ணிக்கை: மூன்று
என்று தட்டிவிட்டு ஏறச் சொன்னேன்.

மேக்ரி சர்க்கிள் வரை ஒன்றும் பேசவில்லை.
ஹெப்பாளில் நின்றோம்.
முன்னால் ஒரு சிமென்ட் லாரி,
பக்கத்தில் பள்ளிப் பேருந்து,
பின்னால் ஊரே.
அங்கே ஆரம்பித்தார்.
நான் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவைத்தேன்.
வாழ்க்கையில் முதல் தடவையாக
சிக்னல் பச்சை ஆகிவிடக் கூடாதே என்றிருந்தது.
லாரி நகர்ந்தது, அழுதார், நின்றது, அழுதார்.
நாற்பது நிமிடம்.

ஏர்போர்ட் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில்
முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டார்.
டெர்மினலில் அவன் போரடித்துப் போய்
பர்கர் தின்றுகொண்டிருந்தான்.
"என்னம்மா இவ்ளோ லேட்?"
"டிராஃபிக்" என்றார் சிரித்துக்கொண்டே.

திரும்பும்போது வண்டி காலியாகப் போகவில்லை,
பாதிக் கட்டணம் என்றேன், முழுசாய்க் கொடுத்தார்.
மறுபடி ஹெப்பாள்.
அதே இடமா தெரியவில்லை, எல்லா இடமும் அதே மாதிரி.
"அய்யோ" என்று ஒரு சத்தம்.
காலையிலிருந்து மூடியே இருந்த வலதுகையை விரித்தார்.
உள்ளே குக்கர் வெயிட்.
குக்கர் பெட்டிக்குள், பெட்டி விமானத்துக்குள்,
விமானம் இந்நேரம் எங்கேயோ.

நூறு கிராம் இருக்குமா?
தராசு ஒன்றும் சொல்லியிருக்காது.

"கூரியர்ல அனுப்பலாம்மா" என்றேன்.
"அது எப்படிப் போகும்?"
"முதல்ல நம்ம வண்டியிலதான்."