செவ்வாய்க்கிழமை

சனி இரவு நாங்கள் இருவரும் அழகாக இருந்தோம்.
அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

பாடாங் செராயில், இரும்புக்கடைக்கு மேலே
மணிக்கணக்குக்கு விடும் அறை.
தவநேசன் செம்பனை லோரியை
ஆலைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வருவான்,
சட்டையெல்லாம் பழக்குலை வாசம்.
ஐஸ் இல்லாத நாளில்
அவன் கையைத் தொடவே எனக்குக் கூச்சம்.
இருந்தால்
முப்பது வருடக் கூச்சமும்
செருப்போடு சேர்ந்து வாசலில் கிடக்கும்.

ஞாயிறு தூக்கமில்லை. திங்கள் பசியில்லை.
பிறகு செவ்வாய் வரும்.

கைப்பேசிக் கடையில்
யாருடைய உடைந்த திரையையோ கழற்றிக்கொண்டிருப்பேன்.
ஏர்கோன் என் பெயரைச் சொல்லும்.
அடையாள அட்டையில் இருப்பதுபோல முழுதாக,
அனாக் லெலாக்கி என்று சற்றே நிறுத்தி,
அப்பாவின் பெயரோடு.

எதிர்ச் சாலையில் ஒரு வெள்ளைப் புரோட்டோன்,
மூன்று நாளாக அங்கேயே.
போலீஸ் என்றேன்.
"மீன் விக்கிறவரு வண்டிடா, பேட்டரி செத்துப்போச்சு."
இவனும் அவர்கள் பக்கம் போய்விட்டான் என்று
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துவைத்தேன்.

எங்களுக்குப் பயப்பட உண்மையிலேயே காரணம் உண்டு.
சிக்கல் அதுதான்.
எந்தப் பயம் சட்டம் கொடுத்தது,
எந்தப் பயம் கண்ணாடிக் குழாய் கொடுத்தது,
பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

ஒரு ராத்திரி கேமரா தேடி
அறையின் பிளக் மூடியைத் திருகிக் கழற்றினேன்.
உள்ளே ஒரு பல்லிமுட்டை ஓடு.
அதையும் நம்பவில்லை.

கிளினிக்கில் மிஸ்ஸி ரொஸ்னா கேட்டார்:
குரல் காதுக்குள்ளேயா, வெளியிலேயா?
தூக்கம் எத்தனை மணி நேரம்?
சாகவேண்டும் என்று தோன்றியதுண்டா?
எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.
யாரோடு என்பதைத் தவிர.
அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.
பேனாவை மூடிவைத்துவிட்டு
அடுத்த புதன் வா என்றார்.

போன சனி, ஒன்றுமில்லாமல்.
விளக்கு எரிந்தபடி, கட்டிலின் இரண்டு ஓரங்களில் நாங்கள்.
சார்ஜ் ஏறாத போன்போலக் கிடந்தது என் உடம்பு.
அவன் கட்டைவிரலில் செம்பனை முள்.
கடை இடுக்கியால் எடுக்கப் பார்த்தேன்,
கை நடுங்கி இரண்டு முறை தவறியது.
"வலிக்குதா?"
"வலிக்கத்தான் செய்யுது. எடு."

கீழே தடதடவென்று ஏதோ இறங்கியது.
ஷட்டர்தானே என்று கேட்டேன்.
ஷட்டர்தான் என்றான்.
இன்னொரு முறை கேட்டேன்.
கோபப்படாமல்
இன்னொரு முறை சொன்னான்.