பூச்சாடியிடம் பேசுகிறவர்கள்

அக்ரன் நகரம், ஒஹாயோ. டயர் ஆலை.
கந்தக வாடை போகாத கைகளோடு
சனிக்கிழமைதோறும் படத்துக்குப் போவோம்
பதினோரு பேர்.
பதினோரு பேருக்கும் காது கேட்காது.
ஆலையில் அது குறையில்லை.
இரைச்சல் எங்களை ஒன்றும் செய்யாதென்று
தேடிப்பிடித்து வேலைக்கு வைத்திருந்தார்கள்.

ஊமைப்படம் என்று பெயர் வைத்தவருக்கு
உதடு பார்க்கத் தெரியாது.
திரையில் எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.
இளவரசன் மண்டியிட்டு
அவள் விரலைப் பற்றிக் கண்கலங்கி,
"இன்னிக்காவது சம்பளம் போடுவானா?" என்றான்.
மயங்கிச் சரியுமுன் அவள்,
"பூண்டு தின்னியா, சனியனே" என்றாள்.
அரங்கம் மூக்கைச் சிந்தியது.
நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
நெஞ்சில் ஈரமில்லாத ஜென்மங்கள் என்று
முன்வரிசைத் தொப்பிக்காரி திரும்பிச் சொன்னதையும்
படித்துவிட்டோம்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்;
ஊதுகிறவன் கன்னம் உப்புவதை
செவிடன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பிறகு ஒரு வசந்தத்தில்
வாசலில் விளக்கெழுத்து போட்டார்கள்:
பேசும் படம்.
ஆர்வில் ஸ்டட்ஸ் அண்ணாந்து படித்துவிட்டு
கையால் என்னைக் கேட்டான்:
யாரோடு?

எழுத்து அட்டைகள் போய்விட்டன,
சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே
இலையை உருவியது போல.
நடிகர்கள் எங்களை விட்டுவிட்டு
மேசைமேல் இருந்த பூச்சாடியிடம் பேசினார்கள்.
காதலைச் சொன்னவனும் பூச்சாடியிடம் சொன்னான்.
மறுத்தவளும் அதனிடமே மறுத்தாள்.
அதற்குள் மைக் இருக்கிறது என்று
வில்மா ஹ்ருஷ்கா செய்தித்தாளில் படித்துச் சொன்னாள்.
இருந்தாலும் எனக்கு
அந்தப் பூக்கள்மேல் பொறாமைதான்.

அதுவரை கடலை உடைத்துக்கொண்டு வம்பளந்த கூட்டம்
முதல்முறையாக வாயை மூடியது.
அரங்கத்தில் பேசியவை எங்கள் கைகள் மட்டுமே.
பின்னாலிருந்தவர் தோளைத் தட்டினார்:
கையைக் கொஞ்சம் அடக்கு, அம்மா,
கேட்க முடியவில்லை.

எட்டுப் பேர் பௌலிங் ஆடப் போய்விட்டார்கள்.
அப்புறம் வில்மாவும். அப்புறம் ஆர்விலும்.
நான் போய்க்கொண்டிருந்தேன், ஏனென்று தெரியாமல்.
நாற்காலியின் மரக் கைப்பிடியில் உள்ளங்கை வைத்தால்
ஆண்குரல் கொஞ்சம் ஊரும்.
பெண்குரல் வரவே வராது.

நவம்பரில் ஒரு நாள், நீதிமன்றக் காட்சி.
எப்படியோ அந்தத் தாயை மட்டும்
நேருக்கு நேர் எடுத்திருந்தார்கள்.
"அவனுக்குப் பத்தொன்பது வயசு.
அன்னிக்கு ராத்திரி என் சமையலறையில்
உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தான்.
தோலைக்கூட நான் இன்னும் கொட்டலை" என்றாள்.
கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.
தொடையில் தட்டிக்கொண்டது.
அறுநூறு பேரின் சிரிப்பு
தரைவழியாக என் காலில் ஏறியது.

இசைத்தட்டு நழுவிவிட்டதாம்.
நீதிபதியின் கட்டைக்குரல் அவள் வாயிலிருந்தும்
அவள் அழுகை
வாசற்காவலன் வாயிலிருந்தும் வந்ததாம்.
மறுநாள்தான் தெரிந்தது எனக்கு.
அன்றிரவு விளக்கு போட்டபோது
பின்னாலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
என் கண்ணையும் பார்த்து,
"நல்ல கூத்து, இல்லையா?" என்றார்.
தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

திங்கட்கிழமை,
யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காத
அச்சுக்கூடத்தின் நடுவே
அந்தத் தாய் சொன்னதை ஒரு சொல் விடாமல்
ஆர்விலுக்குச் சொன்னேன்.
உருளைத்தோல் வரும்போது
என் விரல்கள் கொஞ்சம் நின்றன.
அவன் டயரை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தான்.
மேஸ்திரி ஏதோ கத்திக்கொண்டு வந்தார்.
நாங்கள் அவர் உதட்டைப் பார்க்கவில்லை.