ரோதைச் சத்தத்தில்

நத்தாருக்கு ரெண்டு நாள் இருந்தது.
எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
அன்னைக்கின்னு பார்த்துக் கொழுந்து கூட,
ஆறு ரோதையும் சுத்துது.
ஸ்டோருக்குள்ள எங்க பேச்செல்லாம் கையாலதான்.
மூணு விரல்னா மூணாம் தட்டு,
உள்ளங்கையை விரிச்சா போதும்,
மீசையைத் தடவினா
டீமேக்கர் வாறார்.

பக்கத்தில கிளேரா.
பதினாலு வருஷம் கரோல் கோஷ்டியில முதல் வரிசை.
இந்த வருஷம்
மகனுடைய டியூஷன் காசும்
மஸ்கெலியா அடகுக்கடையில கிடக்கிற தோடும்
அவளை இங்க கொண்டாந்து நிறுத்தியிருந்தது.
ஒன்பது மணியில இருந்து
கை கொழுந்தில, கண்ணு கண்ணாடியில.

பதினொண்ணரைக்கு வந்தாங்க.
பனிக்குள்ள முதல்ல ஒரு டோர்ச்,
அப்புறம் ஒரு பெரிய குடை,
அப்புறம் வயித்தில தலகாணி கட்டின நத்தார் தாத்தா.
பஞ்சுத் தாடி நனைஞ்சு
நெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது.
பின்னால இஞ்ஞாசி, கிட்டாரைச்
சீனிச் சாக்கில சுத்தி
பிள்ளை மாதிரித் தூக்கிக்கிட்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையா நின்னு
வாயைத் திறந்தாங்க.

ஒண்ணும் கேக்கல.

ரோதையை நிப்பாட்ட ஏலாது.
இயேசு பிறந்தாலும், எங்க முருகனே படியேறி வந்தாலும்
கொழுந்து புளிச்சிரும்.
அதனால பார்த்தோம்.
பாட்டைப் பார்த்தோம்.

ஒரு நீட்டு, ஒரு குறுக்கம்,
நடுவில மூச்சு வாங்கத் தோள் ஏறி இறங்கின இடம்.
எனக்குத் தெரிஞ்சு போச்சு.
மாட்டுக்கொட்டில் பாட்டுத்தான் அது.
நான் கோயிலுக்குப் போறவ,
மாதா கோயில் வாசல் மிதிச்சது
ரெண்டு கல்யாணத்துக்கு மட்டும்.
ஆனா எங்க லயத்துச் சுவர் கூரையைத் தொடாது.
அவ வீட்டு மார்கழி என் வீட்டுக்குள்ள விழும்,
என் வீட்டுத் தீபாவளி கேசட்
அவ பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

நான் வாயசைச்சேன். கிளேராவும் அசைச்சா.
அடுப்புப் பக்கம் சோமதாச அண்ணன்,
மம்பட்டிப் பிடியில தாளம் போட்டார்.
கிளேரா முகத்தில வேர்வையா வேறயான்னு
நான் பார்க்கல.
தட்டை வாங்கி அவ பங்கையும் நானே கொட்டினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கையாட்ட,
தாடியைப் பிழிஞ்சுக்கிட்டே தாத்தா திரும்பினார்.
பனி மூடிருச்சு.

விடியக்காலை, சாயத்தண்ணிக் கோப்பையோட சண்டை.
"மாட்டுக்கொட்டில் பாட்டு என்னமா இருந்துச்சு!"
"உனக்குக் கண்ணில்லையா? அது நட்சத்திரப் பாட்டு,
ரெண்டாம் அடியில மரியம்மா வாய்
எவ்வளவு அகலமாப் போச்சு!"
சோமதாச அண்ணன் சிரிச்சார்.
ரெண்டுமில்லையாம். சிங்களப் பாட்டாம்.
சின்ன வயசில சிலாபத்தில
பக்கத்து வீட்டு மீன்காரங்க பாடினதாம்.
அவருக்காகவே பாடினாங்களாம்.
மூணு பேரும் சத்தியம் பண்ணினோம்.

பத்து மணிக்குக் கடைக்குப் போற வழியில
இஞ்ஞாசியைப் பிடிச்சேன்.
"தம்பி, ராத்திரி ஸ்டோர் வாசல்ல எந்தப் பாட்டு?"
அவன் குரல் தேங்காய் துருவுற மாதிரி இருந்தது.
"அதை ஏன் கேக்கிறீங்க அக்கா.
மேல் டிவிசன் முடியவே தொண்டை போச்சு,
கிட்டார்ல ரெண்டு கம்பி அறுந்துச்சு.
ரோதைச் சத்தத்தில யாருக்குக் கேக்கப் போகுது?
பாடல அக்கா.
சும்மா வாயசைச்சோம்.
வராமப் போனா கிளேராக்கா மனசு விட்டுருவாங்கன்னுதான்..."

அரைக் கிலோ சீனி, ஒரு பெட்டி நெருப்புக்குச்சி.
திரும்பி வரும்போது
கிளேரா பீலிக்கரையில துணி அலசுறா,
நட்சத்திரப் பாட்டு, ரெண்டாம் அடி,
மரியம்மா மாதிரியே வாயை அகலமாத் திறந்து.
"கேட்டியா? இதுதான் பாடினாங்க."
"ஆமா," என்றேன்,
"எனக்குத்தான் சரியாக் கேக்கல."