செறிவு இரண்டு

விடியப்புறம் மூன்று பதினேழு.
நாலு நொடிகூட இல்லை.
றிக்டரில் சொல்லிக்கொள்ளும்படியும் இல்லை.

மறுநாள் உப்புவெளியில்
வீடு வீடாகப் படிவம் நிரப்பினேன்:
பாத்திரம் குலுங்கியதா?
தொங்கும் விளக்கு ஆடியதா?

"சீமெந்து லொறி எண்டு நினைச்சன்"
என்றான் சஜீபன்,
சண்டை ஓய்ந்த வருசம் பிறந்தவன்.

தாய் மங்களேஸ்
ஒன்றும் நினைக்கவில்லை.
கண் விழிக்கையில்
கட்டிலுக்குக் கீழே குப்புறக் கிடந்தாளாம்,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து.
"பழக்கம்" என்று சிரித்துவிட்டுத்
தேத்தண்ணிக்குச் சீனி கேட்டாள்.

படுத்திருக்கும் சிலர் மட்டுமே உணர்வர்
என்கிறது கையேடு.
அதையே எழுதினேன்.

போகிற வழியில் கன்னியா.
ஏழு கிணற்றிலும் வெப்பமானி விட்டுப் பார்த்தேன்.
போன மாதச் சூடுதான்.
அதைக் குறிக்க
ஒரு கட்டம் இருந்தது.