கச்சான்

கச்சான் கோதின் நிறம், அதனால் அந்தப் பெயர்.
காற்றுக்கும் அதே பெயரென்று
வந்த அன்றே வேலியை முறித்துக் காட்டியது.

ஒன்பது நாளாய்ச் சேணம்
பாசிக்குடா மணலில் கிடக்கிறது.
முதுகு காட்டி உட்கார்ந்து
மாங்காய் தின்கிறேன்.
"மறுகா எப்ப ஏறப்போறாய்?"
ஐஸ்பழப் பெட்டியோடு றம்ஸீன்.

பத்தாம் நாள்
என் கழுத்தில் ஒரு சுடுமூச்சு.
என் மூச்சு நின்றது, அதுவும் விலகியது.
விட்டேன். வந்தது.

வாரை இறுக்க வயிற்றை உப்பியது.
தளர்த்திவிட்டுக் காத்திருந்தேன்.

இடுப்பளவுக் கடலில்
நனைந்த சாக்காய்க் குறுக்கே கிடக்கிறேன்.
ஒரு காது கரைக்கு,
ஒரு காது எனக்கு.
தொடை நடுங்குவதை
அதனிடம் எங்கே ஒளிக்க?
ஒளிக்காமல் நிமிர்ந்தேன்.

ஓரடி வைத்தது.
எந்தப் பக்கமென்று கேட்கவில்லை.

கரையில்
மணியின் நாக்கைப் பிடித்தபடி
றம்ஸீன்.