நகைச்சீட்டு

தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில்
பிறப்பு இறப்புப் பதிவு என் மேசை.
இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை திருத்துகிறேன்.
ஷ வரவேண்டிய இடத்தில் ஸ என்று ஒருவர்,
தகப்பன் இனிஷியல் தப்பென்று ஒருவர்,
குழந்தைக்கு எட்டு மாதம், பெயர்தான் இன்னும் வைக்கவில்லை என்று
வெட்கத்தோடு ஒருவர்.
மதியச் சாப்பாட்டுக்கு முன் முப்பது பிறப்பு.
கையெழுத்து முத்துப்போல என்பார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்று இரவு
ராயபுரம் சபையில் தட்டு வரும்.
கண்ணை மூடி ஒரு வாக்குத்தத்த அட்டை எடுக்கவேண்டும்.
முன்னால் நீர்வீழ்ச்சி,
பின்னால் சிவகாசி அச்சகத்தின் போன் நம்பர்.
நான்கு முறை எனக்கு வானத்து நட்சத்திரங்கள் வந்தன.
ஒரு முறை கடற்கரை மணல்.
“மணலா? அதுதான் காசிமேட்டிலேயே கிடக்குதே”
என்று ஜெபநேசன் காதோரம் சொல்ல,
போதகர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

சாராளும் கூடாரத்துக்குள் சிரித்தாள்.
சிரிக்கவில்லை என்றும் சொன்னாள்.
அவளிடம் எனக்குப் பிடித்தது அந்தப் பொய்தான்.

வளையல் ஆறு, ஆரம் ஒன்று, கல் வைத்த தோடு,
தாலியைத் தவிர எல்லா நகையும்
மின்ட் தெரு அடகுக்கடைக்குப் போனது.
மூன்று சுற்று ஊசி.
மூன்று முறையும் “அடுத்த தடவை பார்க்கலாம்.”
நாற்பத்தாறில் டாக்டரே போதும் என்றார்.
அந்த வருடம் நான் அட்டை எடுக்கவில்லை.
தட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன்.

ஆடியில் நாள் தள்ளியது.
நின்றுவிட்டது போல என்று
எனக்கு நானே துக்கம் விசாரித்துக்கொண்டேன்.
வயிற்றுவலிக்குப் போன இடத்தில் ஸ்கேன் எழுதினார்கள்.
திரையில் பயறு மாதிரி ஒன்று, துடித்துக்கொண்டு.
ஸ்கேன் எடுத்த பெண் என் வயதை
இரண்டாம் தடவை கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.
சிரிம்மா, என்றேன்.
இந்தக் கதையில் எல்லோரும் சிரிக்கிறவர்கள்தான்.

எழும்பூர் ஆஸ்பத்திரி. பங்குனி வெயில்.
பக்கத்துக் கட்டிலில்
மெட்ரோ வேலைக்கு வந்த ஒடியாப் பெண், துணைக்கு ஆளில்லை,
மடியில் ஆண்பிள்ளை, பாட்டில் காலி.
வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட மற்றவளை நினைத்து
என் தண்ணீரில் பாதியை ஊற்றினேன்.
சாராள் அதைச் செய்யவில்லை.

அட்டைகள் எல்லாம் மகன் என்றன.
வந்தவள் மகள்.

என் மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.
“பேர் சொல்லுங்க மேடம்.”
ஈசாக்கு என்றால் நகைப்பு.
இன்னகை, என்றேன்.
“ரெண்டு சுழியா, மூணு சுழியா?”
நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். கையெழுத்து கோழிக்கிறுக்கல்.
அதே வாரம் அடகுக்கடையிலிருந்து தபால்:
நகை ஏலத்துக்குப் போகிறதாம்.
போகட்டும்.

கர்த்தரே, ஒரே ஒரு விண்ணப்பம்.
அடுத்த அதிகாரத்தையும் நான் வாசித்திருக்கிறேன்,
விறகு, கத்தி, மலை.
ஜெபநேசனுக்குத் துறைமுகத்தில் முதல் ஷிப்ட்,
நாலு மணிக்கே எழுந்துவிடுகிற மனுஷன்.
இருட்டில் பெயர் சொல்லி அழைத்தால்
எதற்கென்று கேட்கமாட்டார். இதோ என்பார்.
ஆகையால் ஏதும் சொல்வதென்றால்
என்னிடம் சொல்லும்.
மூன்று மணிப் பாலுக்கு விழித்துத்தான் இருக்கிறேன்.
எனக்குக் கேள்விகள் உண்டு.